ரூடஸ்ஹைம் போகிறவர்களுக்கு: ரைன் கரை ஒயின் ஊரில் ஒரு நாள்

தெற்கிலிருந்து வரும் ரைன் நதி, வீஸ்பாடன் அருகே டௌனுஸ் மலை குறுக்கே நிற்பதால் மேற்கே திரும்புகிறது. சுமார் 30 கிலோமீட்டர் அப்படியே போய், பிங்கன் ஊருக்கு எதிரே மலையை அறுத்துக்கொண்டு மீண்டும் வடக்கே இறங்குகிறது. இந்த 30 கிலோமீட்டரிலும் வடகரைச் சரிவு தெற்குப் பார்த்து நிற்பதால் நாள் முழுக்க வெயில் விழுகிறது. அகன்ற ஆறு குளிரைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. பின்னால் உள்ள மலை வாடைக்காற்றைத் தடுக்கிறது. ஜெர்மனியின் பேர்பெற்ற ரைன்கௌ ஒயின் வட்டாரம் இதுதான். அந்த 30 கிலோமீட்டரின் மேற்குக் கோடியில், ஆறு திரும்பும் முனையில் இருக்கும் சிற்றூர் ரூடஸ்ஹைம். அங்கிருந்து கோப்ளென்ஸ் வரையுள்ள 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஊர் சிறியது, கூட்டம் பெரியது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ட்ரொஸல்காஸ என்ற 144 மீட்டர் சந்துக்குள் நுழைந்து, பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு கிளாஸ் இனிப்பு ஒயின் குடித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு கப்பலேறிவிடுகிறார்கள். அந்தச் சந்துக்குக் கால் மணி நேரம் போதும். பார்க்க வேண்டியவை அதற்கு மேலே, சரிவிலும் தோட்டக்காரர்களின் முற்றங்களிலும் இருக்கின்றன. கீழே சொல்லும் ஒழுங்கு அதற்காகத்தான்: காலையில் மலை, மதியம் ஆறு, மாலையில் ஒயின். இதை மாற்றி ஒயினில் தொடங்கினால் மலை நடை வீணாகிவிடும்.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரை எல்லாம் ஓடும். கேபிள் கார் மார்ச் கடைசிவாக்கில் தொடங்கி நவம்பர் முதல் வாரத்தோடு நிற்கிறது; பிறகு கிறிஸ்துமஸ் சந்தைக்காகத் திறக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் போனால் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். ஆகஸ்ட் நடுவில் ஊரின் ஒயின் திருவிழா, ஜூலை முதல் சனிக்கிழமை ஆற்றில் வாணவேடிக்கை. இரண்டும் அழகுதான், ஆனால் அன்றைக்கு அறை கிடைப்பது அரிது, கடைசி ரயிலில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். முதன்முறை போகிறவர்கள் மே மாதத்தையோ செப்டம்பர் கடைசியையோ எடுத்துக்கொள்ளுங்கள். கிழமை செவ்வாய் முதல் வெள்ளிக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கவனம்: பல உணவகங்களுக்குத் திங்களோ செவ்வாயோ வார விடுமுறை. வாசலில் ‘ரூஹெடாக்’ என்று எழுதியிருந்தால் அன்று அடைப்பு.

ஆறும் தன் பங்குக்குக் குழப்பும். 2018-லும் 2022-லும் வறட்சியில் நீர்மட்டம் மிகவும் இறங்கிப் படகுப் போக்குவரத்து தடுமாறியது. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் வெள்ளம் ஏறினால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கப்பல்களை அடியோடு நிறுத்திவிடுவார்கள். படகுப் பயணத்தை நம்பித் திட்டம் போட்டால், முந்தின நாள் படகு நிறுவனத்தின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

போய்ச் சேர்வது

முதலில் ஊர்ப்பெயரைச் சரியாக அடியுங்கள். ரைன் கரை ரூடஸ்ஹைமுக்குக் கொஞ்ச தூரத்தில், பாட் க்ரொய்ஸ்நாக் அருகே நாகெ ஆற்றுப் பக்கம் இன்னொரு ரூடஸ்ஹைம் இருக்கிறது. அதுவும் ஒயின் ஊர்தான் என்பதால் இறங்கின பிறகும் சிலருக்குச் சந்தேகம் வருவதில்லை. காரில் வழிகாட்டும் செயலியிலும் ரயில் செயலியிலும் ‘ரூடஸ்ஹைம் அம் ரைன்’ அல்லது ‘ரூடஸ்ஹைம் (ரைன்)’ என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் தலைமை நிலையத்திலிருந்து ஆர்பி10 என்ற வட்டார ரயில் வீஸ்பாடன் வழியாக நேரே போகிறது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் எஸ்8 அல்லது எஸ்9 புறநகர் ரயிலில் வீஸ்பாடன் தலைமை நிலையம் வந்து, அங்கே ஆர்பி10-க்கு மாறலாம். வீஸ்பாடன் முட்டு நிலையம் என்பதால் வண்டி அங்கே திசை மாறும். ஆறு தெரிய வேண்டுமானால் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறும்போது வலப்பக்கம் உட்காருங்கள். வீஸ்பாடனுக்குப் பிறகு அதுவே ஆற்றுப் பக்கமாகிவிடும்.

சீட்டில் பணம் மிச்சம் பிடிக்க வழி உண்டு. இரண்டு முதல் ஐந்து பேர் சேர்ந்து போனால் ஹெஸ்ஸன் மாநில நாள்சீட்டு ஒன்றே எல்லாருக்கும் செல்லும். வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் அது செல்லுபடி; சனி, ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த மாதம் முழுக்க ஜெர்மனியில் சுற்றுவதாக இருந்தால் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுக்கலாம். 2026-இல் மாதம் 63 யூரோ. அது சந்தா, மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். கேபிள் காருக்கும் சுற்றுலாக் கப்பலுக்கும் அது செல்லாது.

ரைனின் வலக்கரைப் பாதையில் பராமரிப்பு வேலை அடிக்கடி நடக்கும். 2026-இன் பிற்பாதியில் மாதக்கணக்கில் பாதையை மூடிப் புதுப்பிக்கத் திட்டம் உள்ளது. செயலியில் ‘எஸ்இவி’ என்ற மூன்றெழுத்து தெரிந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து என்று பொருள். அன்றைக்குக் குறைந்தது அரை மணியாவது கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரில் வருபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ரூடஸ்ஹைமுக்கும் பிங்கனுக்கும் நடுவே 1915-இல் கட்டிய பாலம் 1945-இல் தகர்ந்தது. திரும்பக் கட்டவே இல்லை. வீஸ்பாடனுக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையே ரைனுக்கு வேறு பாலமும் கிடையாது. அக்கரை போக வேண்டுமென்றால் படகுத்துறைதான். கார் ஏற்றும் படகும் ஆள் ஏற்றும் படகும் ரூடஸ்ஹைமிலிருந்து பிங்கனுக்கு ஓடுகின்றன. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் அக்கரை விடுதியை மலிவாகக் கிடைக்கிறதே என்று பிடித்தவர்கள், இரவில் கடைசிப் படகைத் தவறவிட்டால் பெரிய சுற்று சுற்ற வேண்டியிருக்கும்.

காலை: மலைமேல்

ரயில் நிலையம் ஊரின் மேற்கு முனையில் இருக்கிறது. ஆற்றைத் தொடர்ந்தபடி கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் ட்ரொஸல்காஸவின் கீழ் வாசல். சந்து வழியே மேலேறினால் ஓபர் ஷ்ட்ராஸ தெரு. கேபிள் கார் நிலையம் அங்கேதான். சுற்றுலாக் கூட்டம் நிறையும் முன், அதாவது பத்து மணிக்குள், இந்தச் சந்து வழியே கடந்துவிடுங்கள். காலியாக இருக்கும்போதுதான் அதன் மரச்சட்டக வீடுகளைப் பார்க்கவே முடியும்.

சீட்டுக் கூண்டில் வெறும் ‘மேலே போய்க் கீழே வர’ என்று வாங்காமல் ‘ரிங்டிக்கெட்’ கேளுங்கள். இது ஒரு வட்டப் பயணம்: ரூடஸ்ஹைமில் கேபிள் காரில் ஏறி, மேலே காட்டுக்குள் நடந்து, மறுபக்கம் ஆஸ்மன்ஸ்ஹௌஸன் என்ற ஊருக்கு நாற்காலித் தொங்கலில் (கம்பியில் தொங்கி ஓடும் திறந்த நாற்காலி) இறங்கி, அங்கிருந்து படகில் ரூடஸ்ஹைம் திரும்புவது. முழுதாகச் சுற்ற நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1954-இல் தொடங்கிய கேபிள் கார் 1.4 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடக்கிறது. பெட்டி திறந்தது, இரண்டு பேர் உட்காரலாம்; ஓடிக்கொண்டே இருக்கும்போதே ஏற வேண்டும். தொப்பியையும் செல்போனையும் இறுகப் பிடியுங்கள், கீழே விழுந்தால் திராட்சைக் கொடிக்குள் தேட விடமாட்டார்கள். இறங்கியதும் எதிரே நிற்பது நீடர்வால்ட் நினைவுச்சின்னம். 1871-இல் ஜெர்மனி ஒன்றிணைந்ததைக் கொண்டாட 1877-இல் அடிக்கல் நாட்டி, 1883-இல் திறந்தார்கள். மொத்த உயரம் 38 மீட்டர். திறப்பு விழாவில் பேரரசரைக் கொல்ல அராஜகவாதிகள் டைனமைட் வைத்தார்கள். முந்தின இரவு மழையில் திரி நனைந்து அது வெடிக்கவில்லை. சின்னத்தின் ராணுவப் பெருமிதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பாதகமில்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்று ஆற்றைப் பாருங்கள். மேற்கே திரும்பி வரும் ரைனின் வளைவு முழுதும் தெரியும் இடம் அதுதான்.

அங்கிருந்து ஆஸ்மன்ஸ்ஹௌஸன் தொங்கல் நிலையத்துக்கு, நின்று நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். வழியெல்லாம் பலகை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஓஸ்டைன் பிரபு தன் காட்டுப் பூங்காவில் வேண்டுமென்றே பாழடைந்தது போலக் கட்டிய ‘ரொஸல்’ கோட்டையைத் தவறவிடாதீர்கள். எதிர்க்கரையில் பிங்கனும், ஆற்று நடுவில் ‘எலிக்கோபுரம்’ என்ற பழைய கோபுரமும், நேர் கீழே ஏரன்ஃபெல்ஸ் கோட்டை இடிபாடும் ஒரே பார்வையில் அகப்படும். பக்கத்திலேயே ‘மந்திரக் குகை’ என்று ஒரு இருட்டுச் சுரங்கம். சுவரைத் தடவிக்கொண்டே போக வேண்டும், அல்லது செல்போன் விளக்கைப் போடுங்கள்.

நாற்காலித் தொங்கல் சாயங்காலம் சீக்கிரமே நின்றுவிடும். கடைசி இறக்க நேரத்தைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். தவறினால் கால்நடையாகத்தான் இறங்க வேண்டும். மழைக்குப் பின் அந்தச் சரிவில் கற்பலகை மண் வழுக்கும்; அடிப்பகுதி தேய்ந்த செருப்போடு வந்தால் முழங்கால் தேய்ந்துதான் திரும்ப முடியும்.

ஆஸ்மன்ஸ்ஹௌஸன், ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் வட்டாரத்தின் நடுவே ஒரு சிவப்புத் தீவு. இங்கே ஷ்பேட்புர்குண்டர் என்ற சிவப்புத் திராட்சைதான் பிரதானம். பிரான்சில் இதே கொடிக்குப் பினோ நுவார் என்று பெயர். மதியச் சாப்பாட்டை இங்கேயே முடித்து, அதில் 0.1 லிட்டர் மட்டும் ருசி பாருங்கள். பிறகு படகில் ஏறுங்கள். எதிர்நீச்சல் என்பதால் அரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் எலிக்கோபுரத்தை அருகில் காண்பீர்கள். படகு போய்விட்டால் ரயிலில் ரூடஸ்ஹைம் ஒரே நிறுத்தம்தான்.

ஆற்றோரம் செங்குத்தாக நிற்கும் பேர்பெற்ற லோரலை பாறை வரை போக ஆசையா? அப்போது மலை வட்டத்தை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் இரண்டும் செய்தால் இரண்டும் அரைகுறைதான். கப்பலில் நீரோட்டத்தோடு இறங்கி, ரயிலில் திரும்புவது நேரத்துக்கு நல்லது. இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: பாறைக்கு அருகே எதிரெதிராக இரண்டு ஊர்கள், ஸாங்க்ட் கோவர் இடக்கரை, ஸாங்க்ட் கோவர்ஸ்ஹௌஸன் வலக்கரை. ரூடஸ்ஹைம் ரயில் வலக்கரையில் ஓடுகிறது. பெயர் கேட்டு அவசரமாக முதலாவதில் இறங்கினால் அக்கரைக்கு இன்னொரு படகு பிடிக்க வேண்டும். ஹெஸ்ஸன் சீட்டு வைத்திருப்பவர்கள், அந்த நிலையம் அடுத்த மாநிலத்தில் உள்ளது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மதியம் ஊருக்குள் திரும்பியதும்

மணி மூன்றைத் தாண்டியிருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓபர் ஷ்ட்ராஸவில் ப்ரோம்ஸர்ஹோஃப் என்ற பழைய மாளிகையில் ஸீக்ஃப்ரீடின் இயந்திர இசைக்கருவி அருங்காட்சியகம் உள்ளது. 1969-இல் தொடங்கியது. தானே வாசிக்கும் பியானோக்கள், வயலின்கள், சந்தை ஆர்கன்கள் என நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வழிகாட்டியோடு முக்கால் மணி நேரம் சுற்றிக் காட்டி வாசித்தும் காட்டுவார்கள். குழந்தைகள் உடனிருந்தால் இது. இல்லையென்றால் ஐபிங்கன் மேட்டிலுள்ள புனித ஹில்டகார்ட் மடம். ஊரிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே முக்கால் மணி ஏற்றம். 12-ஆம் நூற்றாண்டில் மருத்துவமும் இசையும் எழுதிய ஹில்டகார்ட் அம்மையாரின் பெயரில் 1900-இல் கட்டத் தொடங்கிய மடம் அது. அங்குள்ள கன்னியர்கள் சொந்தத் தோட்டத்து ஒயினைத் தங்கள் கடையிலேயே விற்கிறார்கள். அம்மையாரின் எலும்புகள் வைத்த பேழை மடத்தில் இல்லை, கீழே ஐபிங்கன் ஊர்க் கோயிலில் இருக்கிறது. மேலே தேடி ஏமாறாதீர்கள்.

ஒயின்: புட்டியின் ஒட்டுச்சீட்டைப் படிப்பது

ரைன்கௌவின் தோட்டங்களில் முக்கால் பங்குக்கு மேல் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. புளிப்பு தூக்கலாக இருக்கும். அந்தப் புளிப்புதான் இதன் முதுகெலும்பு. பழக்கமில்லாதவர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள், மூன்றாம் வாயில் பிடித்துப்போகும்.

புட்டியில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இனிப்பு வேண்டாதவருக்கு இனிப்பும், வேண்டியவருக்குப் புளிப்பும் வந்து சேர்கின்றன.

முதல் வகை, எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்கிறது என்பது. ‘ட்ரோக்கன்’ என்றால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம். நாக்குக்கு இனிப்பே தெரியாது. ‘ஹால்ப்ட்ரோக்கன்’ என்றால் 18 கிராம் வரை, மெல்லிய இனிப்பு. ‘ஃபைன்ஹெர்ப்’ என்பதற்குச் சட்டப்படி அளவு கிடையாது, கிட்டத்தட்ட அரை இனிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகை, பறிக்கும்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பது. கபினெட், ஷ்பேட்லேஸ, ஔஸ்லேஸ, பேரன்ஔஸ்லேஸ, ட்ரோக்கன்பேரன்ஔஸ்லேஸ என்று ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சொல்லின் தொடக்கத்தில் ‘ட்ரோக்கன்’ வருவதைக் கண்டு இனிப்பில்லாதது என்று வாங்கிவிடாதீர்கள். அது தேன் போல இனிக்கும், விலையும் அப்படியே. ஐஸ்வைன் என்பது கொடியிலேயே உறைந்த பழத்தை மைனஸ் 7 பாகைக்குக் கீழே பறித்துப் பிழிவது. ஷ்பேட்லேஸ பிறந்ததாகச் சொல்லப்படுவது பக்கத்து யொஹானிஸ்பெர்க் மாளிகையில், 1775-இல். அறுவடை அனுமதி கொண்டுவந்த தூதன் தாமதமானதால் பழம் அளவுக்கு மீறிக் கனிந்தது என்பது கதை.

எந்தச் சொல்லும் இல்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 சதவீதத்தை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இனிப்பு, 12-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ட்ரோக்கன். நொதிக்காத சர்க்கரைதான் இனிப்பாக மிஞ்சுகிறது என்பதால் இந்தக் கணக்கு அநேகமாகத் தப்பாது. திருகு மூடி மட்டமான சரக்கின் அடையாளம் அல்ல. இங்கே நல்ல புட்டிகளுக்கும் அதுதான்.

எங்கே குடிப்பது

ட்ரொஸல்காஸவின் பாட்டு அரங்குகளில் வேண்டாம். மாலையில் ஓபர் ஷ்ட்ராஸவின் பக்கத் தெருக்களிலோ ஐபிங்கனிலோ, வாசலில் பூங்கொத்தோ இலைக்கொத்தோ தொங்கும் வீட்டைத் தேடுங்கள். அது ‘ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட்’: தோட்டக்காரரே தன் முற்றத்தில் தன் ஒயினை விற்கும் இடம். வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் திறக்கக் கூடாது, 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது, வேறொருவர் ஒயினை ஊற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் எப்போது எது திறந்திருக்கும் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் அந்த வாரப் பட்டியல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வேண்டும், எல்லா இடத்திலும் கார்டு எடுப்பதில்லை.

மேசை பொதுவானது. காலியிடம் கண்டால் ‘இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?’ (இந்த இடம் காலியா?) என்று கேட்டுவிட்டு உட்காரலாம். கிளாஸ் 0.1 லிட்டரிலும் 0.2 லிட்டரிலும் வரும். கிளாஸில் அளவுக்கோடு இருக்கும், அதுவரை ஊற்றாவிட்டால் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான்கைந்து வகை பார்க்க நினைத்தால் எல்லாம் 0.1-இல் வாங்குங்கள். ட்ரோக்கனில் தொடங்கி இனிப்பில் முடியுங்கள். தலைகீழாகக் குடித்தால் ட்ரோக்கன் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். 12 சதவீத ஒயின் 0.2 லிட்டரில் சுமார் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வெயில் நாளில் பாதி ஒயின், பாதி சோடா கலந்த ‘ஷோர்ல’ கேட்பது உள்ளூர்க்காரர்களின் வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடிக்கும் தண்ணீர் இலவசமாக மேசைக்கு வராது, தனியாகக் கேட்க வேண்டும்.

பெரிய தோட்டங்களில் முறையான ருசிப்பு வேண்டுமென்றால் சில நாள் முன்னரே பதிவு செய்யுங்கள். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவது மரியாதைக் குறைவல்ல. வண்டி ஓட்டுபவர் இதிலும் சேர வேண்டாம்: இரத்தத்தில் 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) ஆல்கஹால்தான் வரம்பு. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் உரிமம் எடுத்து முதல் இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கும் பூஜ்யம்.

இரண்டு தனிச் சரக்குகள். செப்டம்பர், அக்டோபரில் ‘ஃபெடர்வைஸர்’ கிடைக்கும், நொதித்துக்கொண்டிருக்கும் சாறு. வாயு வெளியேற மூடியைத் தளர்வாக வைத்திருப்பார்கள். படுக்கவைத்தால் பை முழுக்க ஒழுகும், இறுக மூடினால் வெடிக்கும். வாங்கினால் அங்கேயே குடித்துவிடுங்கள். இன்னொன்று ரூடஸ்ஹைமர் காபி, 1957-இல் உருவானது: சூடாக்கிய கோப்பையில் மூன்று சர்க்கரைக் கட்டி, 4 சென்டிலிட்டர் ஆஸ்பாக் பிராந்தி, நீளத் தீக்குச்சியால் பற்றவைத்துக் கிளறி, சூடான காபி ஊற்றி, மேலே அடித்த கிரீமும் சாக்லேட் தூளும். மேசையிலேயே செய்து காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள். ஒயினுக்கு 16 வயது போதும், இதில் பிராந்தி இருப்பதால் 18.

சைவர்கள் கவனிக்க

வெங்காயப் பணியாரம் போலத் தெரியும் ‘ஸ்வீபெல்கூகன்’ அநேகமாகப் பன்றிக்கொழுப்பு போட்டது. ‘ஃப்ளாம்கூகன்’ என்ற மெல்லிய தட்டு ரொட்டியும் அப்படியே. ‘ஓனே ஷ்பெக்’ என்று சொன்னால் கொழுப்பில்லாமல் செய்து தருவார்கள். கேட்காமலே தேறுபவை: பிரெட்ஸலோடு வரும் ‘ஷ்புண்டகேஸ்’ என்ற மசித்த பாலாடைக் கலவை, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஆப்பிள் கூழோடு உருளைக்கிழங்கு அடை, சீஸ் சேர்த்த ‘ஷ்பெட்ஸ்ல’ என்ற முட்டை நூடுல்ஸ். வெங்காயமும் வினிகரும் ஊற்றித் தரும் ‘ஹாண்ட்கேஸ்’ மணம் எல்லாருக்கும் ஒத்துவராது. எந்த முற்றத்திலும் சமையல் எட்டு, ஒன்பது மணிக்கே முடிந்துவிடலாம். முதல் கிளாஸோடு சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள்.

இரவு தங்கினால்

ரைனைப் பார்த்த அறை என்று விளம்பரம் செய்யும் விடுதிகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. வலக்கரைப் பாதை ஐரோப்பாவின் நெரிசலான சரக்குப் பாதைகளுள் ஒன்று; இரவு முழுக்க வண்டிகள் போகும். தூக்கம் முக்கியம் என்றால் மேல்தெருவிலோ ஐபிங்கனிலோ அறை எடுங்கள். பகலிலும் அதே பாதை தொல்லைதான்: ஆற்றங்கரைக்குப் போகும் ரயில்வே கேட் மூடினால் சில நேரம் இரண்டு மூன்று வண்டி போன பிறகே திறக்கும். கப்பல் பிடிக்க வேண்டுமானால் பதினைந்து நிமிடம் முன்பே தண்டவாளத்தைக் கடந்துவிடுங்கள்.

புட்டி கொண்டுவருவது

இந்தியாவுக்குத் திரும்பும் பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர். அதாவது 0.75 லிட்டர் புட்டி இரண்டும், இனிப்பு ஒயின்களுக்கான 0.375 லிட்டர் அரைப்புட்டி ஒன்றும். மூன்று முழுப்புட்டி என்றால் வரம்பு தாண்டிவிடும். ரீஸ்லிங் புட்டி ஒல்லியாக, மற்றவற்றைவிட நெட்டையாக இருக்கும். சாதாரண ஒயின் உறைக்குள் கழுத்து வெளியே நிற்கும், முதலில் உடைவதும் அந்தக் கழுத்துதான். தோட்டத்திலேயே அட்டைக்குழாய் கேட்டு வாங்கி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே படுக்கவையுங்கள். சரக்குப் பெட்டியில் மட்டும்தான் வைக்க முடியும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.